விழுந்த இடமும் இடறிய இடமும்

ஆசிரியத் தொழிலில் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, என் மாணவன் ஒருவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை 2024ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாக ஏற்பட்டது. அதற்குக் காரணமாயிருந்தது இலக்கியமுமன்று, இலக்கணமுமன்று. இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடும் ஒரு சிறு பெட்டி. அப்பெட்டியின் கதை ஒரு பொறியியற் கதை. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற ஒருவனுக்கு அதைச் சொல்ல என்ன தகுதி உண்டு என்று வாசகர்கள் கேட்கலாம். தகுதி ஒன்றுமில்லை. ஆனால் அதில் நான் செய்த பிழைக்கு எந்தப் பொறியியற் பட்டமும் தேவைப்படவில்லை. அப்பிழையைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முல்லைத்தீவு நகருக்குத் தெற்கே, அளம்பிலையும் செம்மலையையும் கடந்து கொக்கிளாய்க்குச் செல்லும் வீதியில் இருக்கிறது நாயாறு. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். மாரி வெள்ளம் வந்ததும் அதை உடைத்துக்கொண்டு களப்பு கடலோடு கலக்கும். கரைவலையும் களப்பு இறாலும் இங்குள்ளோரின் சீவனம். சோளகக் காலத்தில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது அங்கிருந்து வரும் மீனவரும் இக்கரையில் வாடியடித்துத் தங்குவதுண்டு. இவற்றைக் கண்டு மகிழ வருபவருக்கு இது அழகிய ஊர். இங்கிருந்து படித்து முன்னேற வேண்டிய பிள்ளைக்கோ, எல்லாவற்றுக்கும் தூரமான ஊர்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டு நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது அத்தூரம் இன்னும் கூடியது. பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்தன. வீட்டுக்கு ஒரு தொலைபேசி இருந்தாலே பெரிது. அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். பாடசாலைகள் மீண்டும் திறந்த பின்னரும் அப்பழக்கம் முற்றாக நீங்கவில்லை. கடந்த காலப் பரீட்சை வினாத்தாள்கள், கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்திலுள்ள பாடங்கள், விண்ணப்பப் படிவங்கள் எல்லாம் இணையத்தில்தான் கிடைக்கின்றன. இதை உணர்ந்த வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் சிலர், எங்கள் பாடசாலைக்குக் கம்பியில்லா இணைப்புத் தரும் ரவுட்டர் பெட்டி ஒன்றை அனுப்பிவைத்தனர். அதை நூலகத்தின் முன்விறாந்தையில், கூரைச் சலாகையோடு பொருத்தினோம். பாடசாலை விட்டபின் பிள்ளைகள் அதன் கீழ் வரிசையாகக் குந்தியிருந்து தமக்கு வேண்டியவற்றை இறக்கிக்கொள்வர். மழைக்கு ஒதுங்கிய குருவிகளைப் போல் அவர்கள் அங்கு கூடியிருப்பதைப் பார்க்க எனக்கு மனநிறைவாயிருக்கும்.

சில மாதங்களில் பெட்டி மயங்கி விழத் தொடங்கியது. பச்சை விளக்கு அணையும். செம்மஞ்சள் விளக்கு மினுங்கும். ஒன்றரை நிமிடங்களில், ஒன்றும் நடவாதது போல் எழுந்து நிற்கும். ஆனால் அதற்குள் பாதி இறங்கிய வினாத்தாள்கள் பாழாகிவிடும். ஒரு நாளைக்கு ஒருமுறை. சில நாள்களில் மூன்று முறை.

ஏன் இப்படி என்று கேட்டால், ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு விடை இருந்தது. மின்சாரந்தான் காரணம் என்றார் ஒருவர். 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில் இதை யார் மறுப்பது? உப்புக் காற்று என்றார் இன்னொருவர். பல்லி புகுந்திருக்கும் என்றார் காவலாளி. மலிவான சரக்கு என்றார் அதிபர். பிள்ளைகளிடம் மட்டும் வேறொரு விடை இருந்தது. அது ஒரு பையனின் பெயர்.

பதினோராம் ஆண்டு மாணவன் அவன். தகப்பன் கரைவலைக்காரர். பழைய தொலைபேசி ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தையின் ஓரத்தில் தனியே இருப்பான். பிற்பகல் இரண்டரை மணியளவில் எழுந்து, சைக்கிளில் ஏறி நாயாற்றுப் பக்கம் போய்விடுவான். அவன் போன சிறிது நேரத்தில் பெட்டி விழும். ஒருநாள் இருநாளல்ல, பல நாள். "அவன்ரை போனிலை ஏதோ இருக்கு, சேர்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவன் கள்ள விளையாட்டுகளை இறக்குகிறான் என்று சிலர் கூறினர். நான் பகுத்தறிவுவாதி, பேய் பிசாசை நம்பாதவன். ஆகவே விளையாட்டு என்ற விளக்கத்தை நம்பினேன்.

பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்துக்கான கடைசி நாள்களில் ஒரு பிற்பகல், உயர்தரம் சித்தியடைந்த மாணவி ஒருத்தி தன் ஆவணங்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை வந்தவள் அவளே முதல்வி. பாதியில் பெட்டி விழுந்தது. மீண்டும் முயன்றாள், மீண்டும் விழுந்தது. தான் தவறான இடத்தை அழுத்தியதாலேயே எல்லாம் கெட்டுப்போயிற்று என்று அவள் அழுதாள். மறுநாள் பஸ்ஸேறி முல்லைத்தீவுக்குச் சென்று, ஒரு கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்து அனுப்பிவிட்டாள். கெடுதி எதுவும் நேரவில்லை. ஆனால் அன்று மாலை அவளுடைய அழுகை என் காதில் இருந்தது. அடுத்த நாள் காலைக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பையனை எழுப்பி, இனி அவன் தொலைபேசியை அந்த விறாந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்று கட்டளையிட்டேன். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன்பின் இரண்டு மாதங்கள் அவன் விறாந்தைப் பக்கமே வரவில்லை. பெட்டி விழுவதும் வெகுவாகக் குறைந்தது. என் தீர்ப்புச் சரியே என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இந்நிலையில், என்னிடம் முன்னொரு காலத்தில் தமிழ் படித்து, வவுனியாவில் கணினித்துறையில் பட்டம் பெற்று, கொழும்பில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் விடுமுறையில் ஊருக்கு வந்தான். பேச்சுவாக்கில் பெட்டியின் கதையைச் சொன்னேன். பையனின் கதையையும் சொன்னேன். அவன் முகம் சற்று மாறியது.

"விளையாட்டு இறக்கினாப் பெட்டி மெதுவாகும், சேர்; விழாது. ஒரு போன் ஒரு பெட்டியை விழுத்துதெண்டால், பிழை பெட்டியிலைதான்" என்றான்.

அவனுடைய முதற் கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. விழுந்த நேரங்களை யாராவது குறித்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டான். ஒருவரும் இல்லை. பெட்டியே குறித்து வைத்திருக்காதா என்று நான் கேட்டேன். குறிக்கும், ஆனால் தற்காலிக நினைவகத்தில் குறிக்கும், மின்சாரம் போனாலும் சரி, தானே மறுபடி எழுந்தாலும் சரி, அக்குறிப்பு அழிந்துவிடும் என்றான். விழுந்தவன் எழும்போது விழுந்ததையே மறந்துவிடுகிறான். ஆகவே விழும்போது அவன் சொல்லும் கடைசிச் சொற்களை, அவன் சொல்லும் கணத்திலேயே பக்கத்தில் நின்று கேட்டால்தான் உண்டு.

அதற்கு அவன் செய்த ஏற்பாடு எளியது. பெட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே பச்சைத் தகட்டின் ஓரத்தில் நான்கு சிறு துளைகள் இருந்தன. தொழிற்சாலையில் பரிசோதிப்பதற்காக விடப்பட்ட வாசல் அது என்றான். அவற்றுள் மூன்றில் மெல்லிய கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டினான்: ஒன்று பெட்டி பேச, ஒன்று பெட்டி கேட்க, மூன்றாவது நிலத்தொடுப்பு. அவற்றைச் சிறு மாற்றி ஒன்றின் வழியே பழைய மடிக்கணினியோடு இணைத்து, விநாடிக்கு 115,200 என்னும் வேகத்தில் பெட்டி சொல்வதையெல்லாம் பதியச் செய்தான். பிறகு காத்திருந்தோம். இரண்டு நாள்கள் ஒன்றும் நிகழவில்லை. அப்போது அவன் சொன்னான்: "அந்தப் பொடியனைக் கூப்பிடுங்கோ, சேர்."

நான் கூப்பிடவில்லை, வெட்கம் தடுத்தது. அவனே சைக்கிளில் போய் அழைத்து வந்தான். பையன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். வழக்கமாக நீ என்ன செய்வாய், அதையே செய் என்றான் இளைஞன். அவன் கணித வினாத்தாள்களை இறக்கத் தொடங்கினான். ஆம், கணித வினாத்தாள்கள். இரண்டரைக்கு எழுந்தான். இறக்கம் முடியவில்லையே என்று கேட்டோம். "மூண்டு மணிக்கு வலை இழுக்கோணும். போற வழியிலை எவ்வளவு இறங்குதோ அவ்வளவு" என்றான். மற்றப் பிள்ளைகள் தம் வேலை முடிந்தபின் எழுந்து போவார்கள். இவனுக்கு அவ்வளவு நேரமில்லை. ஆதலால் இறங்கிக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் ஏறி, அலை எட்டும் தூரத்தைக் கடந்து போய்விடுவான். அவன் மதிற்கோடியைக் கடந்து சிறிது நேரத்தில் பெட்டி விழுந்தது. மடிக்கணினியின் திரையில் இருபது முப்பது வரிகள் சரசரவென ஓடி நின்றன.

அவ்வரிகளின் பொருளை அவன் எனக்கு விளக்கினான். நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன்.

இத்தகைய பெட்டிகளுட் பெரும்பாலானவற்றுள் இயங்குவது லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி, பின்னர் உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது. அதன் நடுவே கேர்னல் என்னும் கரு இருக்கிறது. நினைவகத்தைப் பங்கிடுவதும், வானொலிச் சில்லோடு பேசுவதும், யார் எப்போது இயங்குவதென்று தீர்மானிப்பதும் அதன் பொறுப்பு. சாதாரண நிரல் ஒன்று பிழை செய்தால் கேர்னல் அதைக் கொன்றுவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். கேர்னலே பிழை செய்தால் அதற்கு மேல் கேட்பாரில்லை. மேலும் தொடர்ந்தால் எதைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சி, தான் நின்ற நிலையை அறிக்கையிட்டுவிட்டு அது நின்றுவிடுகிறது. அதன் பெயரே 'பீதி' என்பதாம். எங்கள் பெட்டி பீதிக்குப் பின் சில விநாடிகள் பொறுத்துத் தானே மறுபடி எழும்படி அமைக்கப்பட்டிருந்தது. மக்களுக்குத் தொல்லை குறைய வேண்டுமென்று செய்த அந்த ஏற்பாடுதான், சாட்சியத்தையும் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டது.

அறிக்கையில், வீழ்ந்த கணத்தில் எந்த வேலை நடந்துகொண்டிருந்தது, அதை ஏவியது எது, அதற்கு முன் ஏவியது எது என்று ஒரு வரிசை இருந்தது. கீழிருந்து மேலாக வாசித்தால் நிகழ்ச்சி நடந்த ஒழுங்கு தெரியும். மேல் வரியைக் காட்டி, "விழுந்த இடம் இதுதான், சேர். தடக்கின இடம் வேறை" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தில் நான் என் சொந்தத் துறைக்கு வந்து சேர்ந்தேன். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது என்ன பாடுபட்டிருப்பார்? ஏட்டில் ஓரிடத்தில் பொருள் முறிகிறது. முறிந்த இடத்தில் எழுதியவன் குற்றவாளி அல்லன். அவனுக்கு முன் எழுதியவனோ, அவனுக்கும் முன் எழுதியவனோ ஓர் எழுத்தை விட்டிருப்பான். அது பிரதிக்குப் பிரதி நகர்ந்து, வேறோரிடத்தில் பொருளைக் கெடுத்து நிற்கும். பதிப்பாசிரியன் முறிவிலிருந்து பின்னோக்கி நடந்து மூலத்தைத் தேட வேண்டும். பல பிரதிகளை ஒப்பிட வேண்டும். இவையெல்லாவற்றையும் வகுப்பில் நான் படிப்பித்திருக்கிறேன். ஒரு பையனின் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிட்டேன்.

இடறிய இடத்தை அவன் கண்டறிந்த விதம் இது. பெட்டியின் மென்பொருள் இன்ன பதிப்பு என்று பார்த்து, அதே பதிப்பின் மூலநிரலை எடுத்து, சோதனைக் காவல்களை இயக்கி மீண்டும் ஆக்கினான். அக்காவல்களுள் ஒன்று விநோதமானது. நினைவகத்தில் ஓரிடம் விடுவிக்கப்பட்டதும் அதை வெறுமனே விடாமல், 6பி 6பி 6பி 6பி என்று ஒரே அடையாளத்தால் நிரப்பிவிடும். குடியிருந்தவர் போய்விட்டார் என்று வெற்று வீட்டுச் சுவரெங்கும் எழுதிவைப்பது போன்றது அது. மறுநாள் பையன் மறுபடி சைக்கிளில் போனான். பெட்டி மறுபடி விழுந்தது. அறிக்கையில் அந்த 6பி 6பி நின்றது. அதாவது, கேர்னல் யாருமில்லாத வீட்டின் கதவைத் திறந்து, அங்கிருப்பவரோடு பேச முயன்றிருக்கிறது.

கதை இப்படி நடக்கிறது. விறாந்தையில் ஒரு தொலைபேசி இணைந்ததும் பெட்டி அதற்கு ஒரு பதிவைத் திறக்கும். அதற்கு வரும் செய்திப் பொட்டலங்களை வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாக அனுப்பும். கம்பியில்லாத் தொடர்பில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 'பெற்றேன்' என்ற ஒப்புதல் வரவேண்டும். தொலைபேசி முறையாக விடைபெற்றுச் சென்றால், பெட்டி வரிசையைக் கலைத்து, பதிவை மூடும், சிக்கலில்லை. விடைபெறாமல் தூரம் போய்விட்டால் ஒப்புதல் வராது. மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும். பின் ஆள் போய்விட்டான் என்று தீர்மானித்துப் பதிவை அழிக்கும். எங்கள் பெட்டியில், பதிவை அழித்த பகுதி, அப்பதிவைச் சுட்டிக்கொண்டு இன்னும் அனுப்பப்படாமற் கிடந்த வரிசையைக் கலைக்க மறந்துவிட்டது. சற்று நேரத்தில் அனுப்பும் பகுதி தன் முறை வந்ததும் அப்பழைய முகவரியை நம்பிப் போகிறது. அங்கே பதிவு இல்லை. அவ்விடம் அதற்குள் வேறெதற்காவது கொடுக்கப்பட்டிருக்கவுங்கூடும். வீழ்ச்சி அங்கே. இடறல், அதற்கு முன்பே, பெயரை மட்டும் அழித்துவிட்டு அவர் பேரிலிருந்த கடமைகளை அழிக்காமல் விட்ட இடத்தில்.

பத்து முறை பையனை அனுப்பினோம். ஏழு முறை பெட்டி விழுந்தது. ஏழு என்ற எண்ணை நான் அன்றுதான் மதிக்கக் கற்றேன். "எப்போதும் அவனால்தான்" என்ற பேச்சுக்கும், "பத்தில் ஏழு" என்ற கணக்குக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னது தீர்ப்பு, பின்னது சாட்சியம்.

இனி, பரிகாரம். இதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபமே மிகுந்தது. புதிய பதிப்பின் மூலநிரலில் அதே பகுதியை அவன் திறந்து காட்டினான். அங்கே அக்குறை ஏற்கனவே சரிசெய்யப்பட்டிருந்தது. எங்கோ ஒருவர், எங்களைப் போலவே ஒரு பெட்டி விழுவதைக் கண்டு, காரணத்தைத் தேடி, பதிவை அழிக்குமுன் வரிசையைக் கலைக்கும் சில வரிகளை எழுதிப் பொதுவில் வைத்துவிட்டார். பெட்டியை விற்றவர்கள் அதை எடுத்து எங்களுக்குத் தரவில்லை. விற்ற சரக்கைத் திரும்பிப் பார்ப்பதில் அவர்களுக்கு இலாபமில்லை. மருந்து உலகில் இருக்கிறது; அது இவ்வூர் வந்து சேர்வதற்குத்தான் வழியில்லை. இது பெட்டிக்கு மட்டுமுரிய கதையா?

ஆனால் ஒரு வழி இருந்தது. லினக்ஸின் உரிமம், அதைப் பெட்டியில் வைத்து விற்பவர் மூலநிரலையும் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்துகிறது. 2003இல் லிங்சிஸ் நிறுவனத்தின் ரவுட்டர் ஒன்றினுள் லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் அவ்வுரிமையை வற்புறுத்தி நிரலை வெளியிடச் செய்தனர். அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் பொதுமென்பொருள் பிறந்தது; இன்று பலநூறு வகைப் பெட்டிகளுக்கு அது கிடைக்கிறது. எங்கள் பெட்டியும் அப்பட்டியலில் இருந்தது. அதன் புதிய பதிப்பை ஏற்றினோம். பையன் இருபது முறை சைக்கிளில் போனான். பெட்டி ஒருமுறையேனும் விழவில்லை. உழைப்பாளிகள் தம் உழைப்பைப் பொதுவுடைமையாக வைத்ததால், கூலியுமின்றிக் கடிதமுமின்றி நாயாற்றுப் பிள்ளைகளுக்கு ஒரு நன்மை வந்து சேர்ந்தது.

இப்படிப்பட்ட குறை எங்கள் மலிவுப் பெட்டிக்கு மட்டுமே உரியதென்றும் எண்ண வேண்டாம். 2022 ஒக்டோபரில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், லினக்ஸின் கம்பியில்லாப் பகுதியில் இதே இனத்தைச் சேர்ந்த குறைகள் பலவற்றை வெளிப்படுத்தினார். அவற்றுட் சில 2019 முதல் மறைந்து கிடந்தவை. அருகிலிருக்கும் ஒருவர் தந்திரமாக அமைத்த அறிவிப்பலையை வீசினாலே கேர்னல் வீழ்ந்துவிடும் என்பது தெரியவந்தது. உடனே திருத்தங்களும் வெளியாயின. பெரியோர் எழுதியதிலும் பிழை உண்டு. பிழையை ஒளிக்காமல் மேசைமேல் வைத்தார்களே, அதுவே கற்க வேண்டியது.

தமிழ்நாட்டிலும் இதற்கொரு முன்னுதாரணம் உண்டு. மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனியிலுள்ள தன் கிளையைச் சுற்றுப்புறக் கிராமங்களின் கண் பரிசோதனை நிலையங்களோடு கம்பியில்லா இணைப்பால் தொடுத்தது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குத் துணை நின்றனர். கிராமத்தவர் தம் ஊரிலிருந்தே தேனி மருத்துவரின் முகத்தைப் பார்த்துப் பேசினர். ஒரு வீட்டுக்குள் பயன்படுவதற்கென்று செய்யப்பட்ட நுட்பம், பல கிலோமீற்றர் தூரத்தில் ஒப்புதல் வரும் முன்பே பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் அனுப்பும்; அதற்காக அவர்கள் விதிகளையே மாற்றி எழுதினர். 2008இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை வெற்றியைக் காட்டிலும் தோல்விகளைப் பற்றியே அதிகம் பேசியது: கெட்ட மின்சாரம், எரிந்துபோன கருவிகள், தொலைவிலிருந்து காரணம் அறியமுடியாத தவிப்பு, உள்ளூர் ஊழியரைப் பயிற்றாவிட்டால் எதுவும் நிலைக்காது என்ற படிப்பினை. கருவியைக் கொடுத்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போகும் கொடையாளர் யாவரும் அறிய வேண்டிய செய்தி அது.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் என்னால் முடிக்க இயலவில்லை. பெயரை அழித்துவிட்டு, அவர் பேரில் இருந்தவற்றை அழிக்காமல் விடுவது என்று அந்த இளைஞன் விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற காவலாளி முதியவர் தலையை ஆட்டினார். எதை நினைத்து ஆட்டினார் என்பது இவ்வூரில் எவருக்கும் புரியும். 1984ஆம் ஆண்டின் இறுதியில் இக்கரையில் இரத்தம் சிந்தியது. கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவர் குடும்பங்களோடு கொல்லப்பட்டனர். தமிழ்க் கிராமத்தவரும் கொல்லப்பட்டனர். கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். பிறகு 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. பிறகு 2009இன் பேரழிவு வந்தது. கால் நூற்றாண்டின் பின் திரும்பியோர் கையில் பழைய காணிப் பத்திரங்கள் இருந்தன. பத்திரம் சுட்டிய இடத்தில் எல்லாம் மாறியிருந்தன. காணாமற் போனோரின் தாய்மார் இன்றும் பெயர்களை ஏந்தி நிற்கின்றனர். பெயர்களுக்குரிய பதிவு எங்குமில்லை.

இந்த ஒப்புமையை இதற்கு மேல் நான் இழுக்கப் போவதில்லை. இயந்திரத்துக்கு வலி கிடையாது, மனிதருக்கு உண்டு. ஆயினும் ஒன்று பொது. வீழ்ச்சியின் வாக்குமூலம் பதியப்படாவிட்டால், அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பும். வதந்தி எப்போதும் மிகவும் எளியவனைத்தான் தேடிப் பிடிக்கும். கரைவலைக்காரன் மகன், பழைய தொலைபேசி வைத்திருப்பவன், விடை சொல்லத் தெரியாதவன் அகப்படுவான். இவ்வூரின் பெரிய வீழ்ச்சிகளுக்கு அவரவர் தம் பக்கத்துக் கதையையே சொல்லிக்கொண்டிருப்பதற்கும், விழுந்த கணத்தில் யாரும் நேர்மையாகப் பக்கத்தில் நின்று எழுதி வைக்காததே ஒரு காரணம்.

அந்தப் பையன் செய்த குற்றந்தான் என்ன? வறுமையினால் அவசரமாகப் போனது. அவனுடைய அவசரம் பெட்டியின் குறையை வெளியே கொண்டுவந்தது. குறையைக் காட்டியவனையே குறை என்று நான் தண்டித்தேன். அவனை விலக்கியதும் பெட்டி நன்றாக இயங்கியதே, அது என் தீர்ப்புக்குச் சான்று அன்று. நோயைச் சொன்னவனை வெளியே தள்ளிக் கதவடைத்ததன் விளைவு. ஒரு சமூகம் தன் குறைகளை அடிக்கடி இப்படித்தான் 'தீர்த்துக்கொள்கிறது'.

அடுத்த திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில், எந்த இடத்தில் அவனை எழுப்பினேனோ அந்த இடத்திலேயே அவனை அழைத்து, நடந்ததை எல்லோருக்கும் விளக்கினேன். நான் பிழை செய்தேன் என்றும், அதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். ஆசிரியரின் மதிப்புக் குறைந்துவிடும் என்று சக ஆசிரியர் ஒருவர் பின்னர் கடிந்துகொண்டார். குறைந்திருக்கலாம். பையன் அன்றும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் பிற்பகல் விறாந்தைக்கு வந்தான்.

இளைஞன் கொழும்புக்குத் திரும்புமுன் ஒரு பயிற்சிக் கொப்பியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டி விழுந்தால் நாள், நேரம், அப்போது எத்தனை பேர் இருந்தார்கள், யார் வந்தார்கள், யார் போனார்கள், ஊரில் மின்சாரம் இருந்ததா என்பனவற்றை அதில் எழுத வேண்டும். தமிழில், தெளிவாக, கண்டதை மட்டும் எழுத வேண்டும். காரணம் எழுதக் கூடாது. இப்பொழுது நான் பத்தாம் ஆண்டு வகுப்பில் கட்டுரைப் பயிற்சிக்கு அக்கொப்பியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வருணனைகளைவிட அது பிள்ளைகளுக்குக் கடினமாயிருக்கிறது. கண்டதற்கும் நினைத்ததற்கும் நடுவே கோடு கிழிக்க அவர்கள் திணறுகிறார்கள். நானும் இந்த வயதில்தானே கற்றேன்.

சென்ற வாரம் அக்கொப்பியைப் புரட்டினேன். புதிய மென்பொருளை ஏற்றியபின் மூன்று வீழ்ச்சிகள் பதியப்பட்டுள்ளன. மூன்று முறையும் ஊர் முழுவதும் மின்சாரம் இல்லை என்று அவன் எழுதியிருக்கிறான். மின்சாரமும் குற்றவாளிதான் போலும். ஆனால் அது வேறு குற்றம். மூன்றாம் பதிவின் கீழே, பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: "பற்றரி வைத்தால் என்ன, சேர்?"

பற்றரி வாங்குவதற்குக் காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம்.